கரைச் சரிவில் ஒரு படிக்கட்டு

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு ரயில் பயணம் புதிதன்று. ஊருக்குப் போகும்போதெல்லாம், உயர்ந்த மண்கரையின் சரிவில் கருவிகளைத் தோளிலே சுமந்து ஏறும் கேங்மேன்களைச் சன்னல் வழியே காண்கிறோம். மழைக்காலத்தில் அச்சரிவு எவ்வளவு ஆபத்தானது என்பதை அவர்களே அறிவர். மேலே கால் வழுக்கினால் தண்டவாளம். கீழே வழுக்கினால் கல்லும் வடிகாலும். ஆகவே, அவர்கள் ஏறியிறங்க நல்ல படிக்கட்டு வேண்டுவது வெளிப்படை.

ஆனால் அதை அமைப்பது எளிதன்று. நம் நாட்டு ரயில் கரைகளின் சரிவு பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். அதாவது, 6 மீட்டர் உயரமுள்ள கரை 12 மீட்டர் தூரம் சரிந்து இறங்கும். அச்சரிவிலே குழி தோண்டிக் கான்கிரீட் இட்டால், கரையைத் தாங்கும் மண்ணையே நாம் அகற்றியவராவோம். குழியில் மழைநீர் தேங்கினால் கரை இளகிச் சரியவும் கூடும்.

இவ்விடத்தில் உதவுவதுதான் திருகு முளை. இரும்புத் தண்டொன்றின் அடிப்பகுதியில் திருகாணியின் மரைபோல் அகன்ற தகடு சுற்றியிருக்கும். இதற்கு 1833ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அயர்லாந்து நாட்டு அலெக்சாண்டர் மிட்செல். இளமையிலேயே கண்பார்வை இழந்தவர் அவர். தேம்ஸ் ஆற்று முகத்தின் மணல் திட்டிலே கலங்கரை விளக்கம் நிற்க அவர் முளைகளைத் திருகி இறக்கியது 1838இல். 1860களில் பம்பாய், பரோடா, மத்திய இந்திய ரயில்வே தன் பாலங்களுக்கு இம்முறையையே கையாண்டது. ஆகவே, பம்பாய்ப் பக்கத்துத் தமிழர்களுக்கு இது அயலான பொருளன்று.

வேலை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். முதலில் மண்ணைச் சோதித்து, சிக்னல் கம்பிகளும் மின்வடங்களும் புதைந்துள்ள இடங்களைக் குறித்துக்கொள்வர். பின்னர் ஓர் இயந்திரம் முளையைத் திருகும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரு மரையிடைத் தூரம் அது மண்ணுள் இறங்கும். மண் வெளியே வருவது மிகக் குறைவு. திருகுவதற்கு எவ்வளவு விசை வேண்டியிருக்கிறதோ, அதனை அளந்து நிலத்தின் தாங்குதிறனை மதிப்பிடலாம். கருப்பு மண் நிலங்களில் மேல்மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதனால் தகடு அந்த மண்ணுக்கும் கீழே உறுதியான படிவத்தில் நிற்க வேண்டும்.

கான்கிரீட் இறுகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முளைத் தலைகளின்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, படிகளையும் கைப்பிடிகளையும் முடுக்கிவிடலாம். ஒவ்வொரு படியும் 15 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் கொண்டால் அது கரையின் சரிவோடு ஒத்துச் செல்லும். 6 மீட்டர் கரைக்கு 40 படிகள். நடுவே இளைப்பாறும் தளம் வைப்பதானால் படிகளைச் சிறிது செங்குத்தாக்க நேரிடும். நீர் தங்காத கம்பிவலைப் படியே ஏற்றது. துருப்பிடியாமலிருக்க இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு வேண்டும். மின்சார ரயில் ஓடும் பாதையானால் இரும்பு அமைப்பை முறைப்படி நிலத்தொடர்பு செய்வது இன்றியமையாதது. மேற்படி முடியும் இடம் தண்டவாளத்திலிருந்து விதித்த தூரம் விலகியிருத்தலும் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இப்படிக்கட்டு பாதையைக் காப்போருக்கு உரியது. ரயில்பாதைக்கு அருகே குடியிருக்கும் நம்மவர் சிலர், அவசரத்தில் இதனைக் குறுக்குவழியாகக் கொள்ளலாம். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி, அத்துமீறி நுழைவோருக்கு ஆறு மாதம்வரை சிறையோ, ஆயிரம் ரூபாய்வரை அபராதமோ விதிக்கலாம். தண்டனையைவிட உயிர் பெரிது. மேம்பாலத்தைச் சுற்றிப்போக ஐந்து நிமிடம் கூடுதலாகலாம். வீட்டிலே நம்மை எதிர்பார்த்திருப்போருக்கு அந்த ஐந்து நிமிடம் ஒரு பொருட்டன்று.