இரவில் விழிக்கும் பச்சிளங் குழந்தை

தாயும் சேயும் மருத்துவமனையினின்று இல்லம் திரும்பிய சில நாள்களிலேயே பல குடும்பங்களில் ஒரு முறையீடு எழுகின்றது: "பகலெல்லாம் உறங்குகின்றது, இரவெல்லாம் அழுகின்றது." உறவினர் ஒன்று சொல்ல, அண்டை வீட்டார் வேறொன்று சொல்ல, ஈன்ற தாயோ பால் போதவில்லை என்ற பழிக்கு ஆளாகின்றாள். உண்மை யாதென நாம் காண்போம்.

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 முதல் 17 மணி நேரம் உறங்குகின்றது. ஆனால் தொடர்ந்து உறங்குவதில்லை. அதன் இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பாலோ விரைவில் செரிப்பது. எனவே அது நாளில் 8 முதல் 12 முறை பால் அருந்துவது இயல்பே. பகல், இரவு என்னும் வேறுபாட்டை அதன் உடல் அறிந்துகொள்ள இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஆகவே இரவில் விழிப்பது நோயுமன்று, கண்ணேறுமன்று. பால் சுரக்கச் செய்யும் இயக்குநீர் இரவில் மிகுதியாக ஊறுவதால், இரவில் ஊட்டுவது பால் பெருகவும் துணைசெய்யும். முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் கூடிவருமாயின் பால் போதுகின்றது என்றே கொள்ளலாம்.

இரவின் அமைதியைக் குழந்தைக்குச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். பகலில் வெளிச்சமும் வீட்டின் வழக்கமான ஓசையும் இருக்கட்டும். இரவிலோ மங்கிய விளக்கொளியில், மிகுந்த பேச்சின்றிப் பாலூட்டி, மீண்டும் கிடத்துக.

உறக்கத்திற்கென வசம்பு, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், இருமல் மருந்து ஆகியவற்றைப் புகட்டுதல் தகாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். மருத்துவர் தரும் மருந்து மட்டுமே விலக்கு. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் நாவில் தடவுவதும் ஆபத்து. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

குழந்தையை எப்போதும் மல்லாந்த நிலையிலேயே, தலையணையின்றி, சமமான கெட்டிப் படுக்கையில் உறங்கச் செய்க. அமெரிக்க நாட்டில் 1994-ஆம் ஆண்டு முதல் இதனை வீடுதோறும் வலியுறுத்தியபின், உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் எழாது துவண்டு கிடந்தாலோ விடியும்வரை காத்திராது மருத்துவரிடம் விரைக.

தந்தையரிடம் நாம் ஒன்று கேட்போம். ஏரோதின் கொடுமைக்குத் தப்ப, இரவிலேயே எழுந்து குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டவர் புனித சூசையப்பர். பாலூட்டுவது தாய்க்கே உரியது. ஏப்பம் வரும்வரை தோளில் சார்த்தித் தட்டிக்கொடுப்பதும், நனைந்த துணியை மாற்றுவதும் தந்தைக்கும் இயலும். மாமியாரும் பாட்டிமாரும் பகலில் குழந்தையைச் சிறிது நேரம் ஏந்திக்கொண்டு, "நீ உறங்கம்மா" என்று சொன்னால் அதுவே பேருதவி. ஈன்றவள் இரு வாரங்களுக்கு மேலும் காரணமின்றி அழுது, எதிலும் மனமின்றி வாடினால், அதனை விசுவாசக் குறைவென்று கடியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கணவனின் கடமை.

இவ்விரவுகள் சில மாதங்களில் கடந்துபோகும். அதுவரை அச்சுமையைத் தாய் ஒருத்தியின் தோளில் ஏற்றாது பகிர்ந்து சுமக்கும் இல்லத்தில் நாசரேத்து வீட்டின் சமாதானம் குடிகொள்ளும்.