வேலி தாண்டும் புழு

கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் 2009இல் ஐரோப்பியத் திராட்சை அந்துப்பூச்சி கண்டறியப்பட்டது. அதன் புழு தின்னும் சதை கொஞ்சம்தான். ஆனால் துளைத்த இடத்தில் சாறு கசிந்து, பூஞ்சணம் புகுந்து, குலையே அழுகிவிடும். அழுகல் வாடை ஏறிய பழத்திலிருந்து நல்ல ஒயின் எடுப்பது எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் கடினம். தரம் தோட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

அவரவர் தோட்டத்துக்கு அவரவர் மருந்தடித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது, பூச்சிக்கு வேலி தெரியாது. 2010இல் நாப்பாவின் பொறிகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆண் பூச்சிகள் விழுந்தன. மறு ஆண்டு அந்த எண்ணிக்கை இருநூறைக்கூடத் தொடவில்லை. மருந்து மட்டும் இதைச் சாதிக்கவில்லை. பெண் பூச்சியின் மணத்தைத் தோட்டமெங்கும் பரப்பி ஆண் பூச்சிகளைத் தடுமாற வைத்தார்கள். இணை சேராததால் முட்டைகள் குறைந்தன. பழம் ஏற்றும் லாரிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது: பழம் சிந்தக்கூடாது, தொட்டிகளைக் கழுவ வேண்டும், பிழிந்த சக்கையைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. பறித்த பழம் வெயிலில் காத்திருந்தால் கெடும் என்பதால், அறுவடை அவசரத்தில் இவை பெரும் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு லாரியில் தப்பும் புழு அடுத்த மாவட்டத்தின் குலைகளையும் எட்டிவிடும். 2016இல்தான் பூச்சி ஒழிந்ததாக அரசு அறிவித்தது.