வாலை இழந்த தசை

பயந்த நாய் வாலைப் பின்னங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வாலைக் கீழே இழுத்து அணைக்கும் தசைகள் இடுப்பெலும்பில் தொடங்கி வாலெலும்பில் முடிகின்றன. அதே தசைகள் நமக்கும் உண்டு. வால்தான் இல்லை, முதுகுத்தண்டின் நுனியில் ஒட்டிக் கிடக்கும் சில சிறு எலும்புகள் மட்டுமே அதன் மிச்சம். வால் போனபிறகு அந்தத் தசைகள் சும்மா இருந்துவிடவில்லை. மனித உடலில் இருப்பவற்றிலேயே கடினமான வேலை ஒன்று அவற்றின் தலையில் விழுந்தது.

நாலு காலில் நடக்கும் விலங்குக்குக் குடலும் கர்ப்பப்பையும் வயிற்றுச் சுவரின்மேல் படிந்திருக்கின்றன. நிமிர்ந்து நிற்கும் நமக்கு அந்தப் பாரம் முழுவதும் இடுப்புக்குழிக்குள் இறங்குகிறது. அங்கே அடியில் தாங்க எலும்பு கிடையாது. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்பக்க வாலெலும்பு வரை தூளி கட்டியதுபோல் விரிந்திருக்கும் தசைகள்தான் தாங்குகின்றன. இடுப்புத்தளத் தசைகள் என்று இவற்றை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெண்ணின் உடலில் சிறுநீர்வழி, பிறப்புவழி, மலவழி மூன்றும் இந்தத் தசைகளின் நடுவேதான் வெளியே வருகின்றன.

இந்தத் தசைகளிடம் உடல் கேட்பவை ஒன்றுக்கொன்று முரணானவை. நாள் முழுக்க இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். தேவைப்படும்போது நொடியில் தளர்ந்து வழிவிட வேண்டும். பிறகு ஒரு குழந்தையின் தலையையே வெளியே அனுப்ப வேண்டும். சுகப்பிரசவத்தின்போது இந்தத் தசையின் உட்பகுதி எவ்வளவு இழுபடுகிறது என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டார்கள். தன் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் என்று விடை வந்தது. கை, கால் தசை ஒன்றரை மடங்கு இழுபட்டாலே காயப்படக்கூடும். பெரும்பாலான தாய்மார்களுக்கு இந்தத் தசை மறுபடி கூடிக்கொள்கிறது என்பதுதான் வியப்பு. சிலருக்கு எலும்போடு பிடித்திருக்கும் இடத்திலிருந்தே கழன்றுவிடுகிறது. வெளியே தையலும் தெரியாது, தழும்பும் இருக்காது.

இன்னொரு அதிசயமும் உண்டு. கை, கால் தசைகள் நாம் தூங்கும்போது தளர்ந்துவிடும். இந்தத் தசையோ தூக்கத்திலும் ஓரளவு இறுகியே இருக்கும். இருமலோ தும்மலோ வருவதற்கு ஒரு கணம் முன்பே, நாம் நினைக்காமலே, மேல்நோக்கி இழுத்துக்கொள்ளும். அந்த முந்துதல் தவறும்போது சிறுநீர் கசியலாம்.

இந்தத் தசையின் கதையை ஓர் ஊரில் வைத்துப் பார்க்கலாம். வேலூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியாத்தத்துக்கும் பெண் மருத்துவத்துக்கும் நூறாண்டைத் தாண்டிய உறவு இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டபிறகு மருத்துவம் படிக்கப் போனவர் ஐடா ஸ்கடர். வீட்டு ஆண்கள் ஆண் மருத்துவரை உள்ளே விடாததால் நேர்ந்த சாவுகள் அவை. 1900-இல் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் தொடங்கினார். சில ஆண்டுகளில் வாரம் ஒருமுறை குடியாத்தம் வந்து நோயாளிகளைப் பார்க்கும் வழக்கம் உருவாயிற்று. வழியில் மரத்தடிகளில் மக்கள் காத்திருக்கத் தொடங்க, அதுவே சாலையோர மருத்துவமாக வளர்ந்தது. அன்றைய போராட்டம் தாய் உயிரோடு மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அந்தப் போராட்டத்தில் தமிழ்நாடு பெருமளவு வென்றுவிட்டது. மிஞ்சிய உயிர் எப்படி நடமாடுகிறது, எப்படிச் சிரிக்கிறது, எத்தனை தடவை சேலையை மாற்றுகிறது என்ற கேள்வியைத்தான் நாம் இன்னும் சரியாகக் கேட்கவே இல்லை.

குடியாத்தத்தில் பெண்கள் பார்க்கும் வேலைகளை நினைத்துப் பாருங்கள். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள், தறியில் லுங்கி நெய்கிறவர்கள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிக்கு விடியற்காலையில் பஸ் ஏறுகிறவர்கள். புகையிலைத் தூள் தொண்டையில் இறங்கினால் இருமல். ஓயாத இருமல் ஒவ்வொன்றும் இடுப்புத்தளத்தின்மேல் விழும் அடி. தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்குப் போக எழுந்திருக்க வேண்டுமே என்று குடிக்காமலே இருந்தால் மலச்சிக்கல். முக்கி முக்கித் தள்ளுவதும் அதே தசையைத்தான் தொய்யவைக்கிறது. பிள்ளை பெற்று உடம்பு தேறுவதற்குள் குடத்தையும் விறகையும் தூக்குகிறவர்களுக்குச் சுமை இன்னும் அதிகம்.

பிறகு ஒருநாள் “அடி இறங்கின மாதிரி இருக்கு” என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள், அதுவும் அம்மாவிடமோ அக்காவிடமோதான். பலர் சொல்வதே இல்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர் ராணி பங்கும் அவருடைய குழுவினரும் 650 கிராமத்துப் பெண்களைப் பரிசோதித்து 1989-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண் நோய் இருந்தது. அதற்குமுன் பரிசோதனைக்குப் போயிருந்தவர்கள் 8 சதவீதம்தான். அந்தக் கணக்கில் பல நோய்கள் அடங்கும், இந்த அடியிறக்கம் ஒன்று மட்டுமல்ல. ஆனால் அந்த மௌனத்தின் அளவு அதில் தெரிகிறது.

மருத்துவம் இந்தத் தசையை ஒழுங்காகக் கவனிக்கத் தொடங்கியது 1940-களில். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல், பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசியும் பெண்களுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் இந்தத் தசைக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். 1948-இல் அதைப் பற்றி எழுதினார். பிறப்புவழியில் வைக்கும் ஒரு சிறு ரப்பர் கருவியை அழுத்தம் காட்டும் முள்ளோடு இணைத்திருந்தார். பெண் தசையைச் சுருக்கினால் முள் நகரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தசை, தான் சொன்னதைக் கேட்கிறதா என்று அவளே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது.

அதே 1948-இல் வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு, நலமாயிருந்த தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அறுவை சிகிச்சையோடு வேலை முடியாது. இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையை மூளை கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். தசையை மூளைக்கு மறுபடி அறிமுகப்படுத்துவது என்ற அந்த அறிவு கைக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு இடுப்புத்தளத்துக்கும் பொருந்தும். கை கண்முன் இருக்கிறது, இது மறைந்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

மறைந்திருப்பதால்தான் வாயால் சொல்லிக்கொடுத்தால் போதாது. 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 47 பெண்களுக்குப் பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிச் செய்யச் சொன்னார்கள். பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினார்கள். கசிவை அது கூட்டக்கூடும். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் விரலால் தொட்டோ ஸ்கேன் திரையிலோ பார்த்து, எந்தத் தசை வேலை செய்கிறது என்று காட்டிக்கொடுக்கிறார். நோயாளியின் சம்மதத்தோடு, திரை போட்ட அறையில் நடக்க வேண்டிய பரிசோதனை அது.

செய்முறை எளிது. கூட்டத்தில் காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அப்படி உள்ளுக்கும் மேலுக்குமாக இழுக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, தொடையையும் புட்டத்தையும் இறுக்கக் கூடாது. சில நொடிகள் பிடித்து, முழுக்கத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் குறைந்தது 8 முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது நல்லதல்ல. இருமும்போது கசியும் பெண்களைப் பற்றிய ஆய்வுகளைக் காக்ரேன் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 2018-இல் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம். விலையுயர்ந்த பல மருந்துகளுக்கு இப்படியொரு கணக்கு வாய்ப்பதில்லை. கசிவே இல்லாத கர்ப்பிணிகள் ஆரம்ப மாதங்களிலேயே தொடங்கினால், கடைசி மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்பதும் தெரிந்திருக்கிறது.

எல்லோருக்கும் இறுக்கும் பயிற்சி பொருந்தாது. சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, விடாமல் இறுகியிருக்கும். பள்ளியில் கழிப்பறைக்குப் போகப் பயந்து மணிக்கணக்கில் அடக்கும் சிறுமி, கல்யாணமான புதிதில் உறவின்போது வலியால் துடித்து, குறை தன்னிடம்தான் என்று ஒடுங்கிப்போகும் பெண் போன்றவர்கள் அவர்கள். இவர்களுக்கு மூச்சோடு சேர்த்துத் தளர்த்தக் கற்றுக்கொடுப்பதுதான் சிகிச்சை. அந்தப் பெண்ணைக் குறைகூறும் வீடுகளில் இந்த ஒரு செய்தி போய்ச் சேர்ந்தால் எத்தனை கண்ணீர் மிச்சமாகும்!

மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்து அந்தப் பகுதியின் திசுக்கள் மெலிகின்றன. இரவில் அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடும் பாட்டி வழியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதும் உண்டு. வயதாகிவிட்டது, இனிப் பயனில்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை. 1998-இல் வெளியான ஒரு மிச்சிகன் ஆய்வில் சராசரியாக 68 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு உத்தியைக் கற்றுக்கொடுத்தார்கள்: இருமலுக்குச் சற்று முன் தசையை இழுத்துப் பிடிப்பது. தசை வலுப்பெற நேரமே இல்லாத ஒரு வாரத்துக்குள் கசிவு பெருமளவு குறைந்தது. உடல் மறந்துபோன முந்துதலை அறிவால் மீட்டுக்கொண்டார்கள்.

பயிற்சிக்கு எல்லை உண்டு. கர்ப்பப்பை முழுதும் வெளியே இறங்கிவிட்டால் தாங்கும் வளையமோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும். சிறுநீரில் ரத்தம், மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு, பிரசவத்துக்குப் பிறகு இடைவிடாமல் சிறுநீர் வழிவது ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பப்பை இறக்கத்தின் ஆரம்பநிலையிலோ பயிற்சி தொந்தரவைக் குறைக்கிறது.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடி வருகிறார்கள். பக்கவாதம் வந்த தாத்தாவுக்குக் கை, காலை அசைத்துக் காட்டுகிறார்கள். அதே வீட்டுப் பாட்டியிடமும் மருமகளிடமும் கசிவைப் பற்றியும் கேட்க அவர்களுக்குப் பயிற்சியும் நேரமும் தர வேண்டும். பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் தாய் வீடு திரும்புமுன் இந்தப் பயிற்சியைச் சொல்லித் தர வேண்டும். அதுவரை பெண்களே கேட்கலாம். மருத்துவப் பெயர் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “தும்மினா ஒண்ணுக்கு வந்துடுதும்மா, இதுக்கு ஏதாவது பயிற்சி இருக்கா?” என்று கேட்டால் எதிரில் இருக்கும் டாக்டரம்மாவுக்கும் நர்ஸம்மாவுக்கும் விஷயம் புரிந்துவிடும்.