கப்பலில் வந்த சோறும் தோட்டத்தில் கிடந்த சத்தும்

உழவர்களே, ஒரு கேள்வி. வீட்டைச் சுற்றி வாழை, சீமைப்பலா, வள்ளிக்கிழங்கு, சேம்பு, தென்னை. வருசம் முழுக்க மழை. எட்டுகிற தூரத்தில் கடல், கடலில் மீன். இப்படிப்பட்ட ஊரில் குழந்தைகளுக்குச் சத்துக் குறைபாடு வருமா?

வந்தது. பசிபிக் கடலில், மைக்ரோனேசியக் கூட்டாட்சி நாட்டைச் சேர்ந்த போன்பெய் தீவில் வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி எடுத்த ஆய்வில், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் வைட்டமின் ஏ குறைபாடு. மாலைக்கண் வருவதற்கும், சின்னக் காய்ச்சலும் பெரிய நோயாகிப் போவதற்கும் காரணமான குறைபாடு அது. பெரியவர்கள் நிலைமையும் சரியில்லை. 2002இல் பார்த்தபோது 25 முதல் 64 வயதுக்காரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய்.

நல்ல மண்ணும் மழையும் உள்ள தீவில் இது எப்படி நடந்தது?

இலவசமாக வந்த அரிசி

போன்பெய்யை ஸ்பெயின், ஜெர்மனி, ஜப்பான் என்று வரிசையாக ஆண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தீவு அமெரிக்காவின் பொறுப்பில் போனது. ஜப்பான்காரர்கள் காலத்திலேயே அரிசி பழகிவிட்டது. அமெரிக்கர் காலத்தில், அவர்கள் நாட்டு உபரி உணவு பள்ளிக்கூடச் சாப்பாடாக இலவசமாக வந்து இறங்கியது. வெள்ளை அரிசி, டின்னில் அடைத்த இறைச்சி, டின் மீன், மாவு, சர்க்கரை. கெட்ட எண்ணத்தில் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பள்ளியில் தினமும் சோறு தின்று வளர்ந்த பிள்ளைக்கு வீட்டில் அவிக்கிற சேம்பு பிடிக்காமல் போனது. அரசு வேலை, சம்பளம் என்று வந்ததும் கடையில் அரிசி வாங்குவது கௌரவமாகவும் ஆகிவிட்டது.

கிழங்கைத் தோண்டணும், சுமக்கணும், தோல் சீவணும், வேக வைக்கணும். அரிசியை மூட்டையைப் பிரித்து உலையில் போட்டால் போதும். யார்தான் தோண்டப் போவார்கள்? ஆனால் தீட்டிய வெள்ளை அரிசியில் வைட்டமின் ஏ துளியும் கிடையாது.

கீரை தின்னச் சொன்னார்கள்

குறைபாட்டைப் போக்க முதலில் கீரை தின்னச் சொல்லிப் பிரச்சாரம் நடந்தது. சனங்கள் காதில் வாங்கவில்லை. இலை தழையெல்லாம் பன்றிக்குப் போடுவது, அதை மனிதன் தின்பானா என்பது அவர்கள் எண்ணம்.

அப்போது அங்கே வேலை செய்த லோயிஸ் எங்கல்பர்கர் என்ற சத்துணவு ஆய்வாளர் வேறு கேள்வி கேட்டார்: முன்னே குழந்தைகளுக்கு என்ன கொடுத்தீர்கள்? ஊர்க்காரர்கள் சொன்னது கராட் என்ற வாழை. தாய்ப்பாலுக்கு அடுத்து குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம் அதுதானாம். நம்ம வாழைக்குலை தரையைப் பார்த்துத் தொங்கும். கராட்டோ குலை நிமிர்ந்து நிற்கிற இனத்தைச் சேர்ந்தது. உள்ளே சதை வெள்ளையாக இருக்காது, நல்ல மஞ்சள்.

அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உலகம் முழுக்க விற்கிற கேவண்டிஷ் வாழையில், அதாவது நம் கடைகளில் தொங்கும் பச்சை வாழை வகையில், 100 கிராமுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின்தான். உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிற பொருள் இது. கராட்டில் 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. ஊட்டின் யாப் என்ற இன்னொரு ரகத்தில் 8,000ஐத் தாண்டியது. அதாவது குழந்தைகளுக்கு மருந்தாகக் கொடுக்கத் தேடிய சத்து, யாரும் சீண்டாமல் கொல்லைப்புறத்தில் காய்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் கராட் பழம் சந்தைக்குக்கூட வருவதில்லை.

இன்னொரு விசயமும் தெரிந்தது. சதை எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு கரோட்டின். முட்டைக் கருவின் நிறத்தைப் பார்க்கிற வண்ண அட்டையை வைத்தே ரகங்களைத் தரம் பிரித்தார்கள். வாழையில் மட்டுமில்லை, சதுப்பில் வளரும் பெருஞ்சேம்பிலும் மஞ்சள் சதை ரகங்களுக்கே முதலிடம்.

ஐந்து காரணங்கள்

இதை ஒட்டி ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். உள்ளூர் உணவுக்குத் திரும்புவோம் என்ற முழக்கத்தைக் கையில் எடுத்தார்கள். 1980களிலேயே அந்தத் தீவில் பிறந்த முழக்கம் அது. ஏன் திரும்பணும் என்பதற்கு ஐந்து காரணம் சொன்னார்கள்: பண்பாடு, உடல்நலம், சுற்றுச்சூழல், பொருளாதாரம், உணவு உறுதி. சுவரொட்டி, தபால்தலை, பாட்டு என்று எல்லா வழியிலும் கராட் மக்கள் முன் வந்தது. 2005இல் அது போன்பெய்யின் மாநில வாழை ஆனது. அரிய ரகங்களைத் திரட்டித் தோட்டம் வைத்தார்கள், கன்று கொடுத்தார்கள். கராட் சந்தைக்கு வந்தது, நல்ல விலைக்கும் போனது.

மாண்ட் என்ற ஊரில் இந்த வேலையை இரண்டு வருசம் ஊன்றிச் செய்து அளந்து பார்த்தார்கள். மக்கள் உணவில் கரோட்டின் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. வாழையும் சேம்பும் அடிக்கடி தட்டுக்கு வந்தன. இந்தப் பணிக்கே தன்னைக் கொடுத்த எங்கல்பர்கர் 2011இல் மறைந்தார்.

எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அரிசி இன்னும் தினமும் உலையில் கொதிக்கிறது. இறக்குமதியும் நிற்கவில்லை.

கப்பல் வராவிட்டால்?

2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை தாறுமாறாக ஏறியது. நம் நாடே பாஸ்மதி அல்லாத அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்ட காலம் அது. வாங்கித் தின்கிற தீவுகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதே வருசம் டிசம்பரில், அந்த நாட்டின் தாழ்வான வெளித்தீவுகளுக்குள் பேரலை புகுந்து சேம்புக் குழிகளில் உப்புத் தண்ணீர் நின்றது. பெருஞ்சேம்பு முற்ற வருசக் கணக்காகும். ஒருமுறை அழிந்தால் உடனே எழ முடியாது. உள்ளூர் உணவு என்றாலே பாதுகாப்பு என்று சும்மா இருந்துவிட முடியாது என்பதையும் கடல் சொல்லிக்கொடுத்தது.

இதற்கு போன்பெய்யின் பழைய விவசாயத்திலேயே பாடம் இருக்கிறது. மேலே சீமைப்பலா, அடுத்து வாழை, மரத்தில் ஏறும் பெருவள்ளி, ஈரத்தில் சேம்பு என்று அடுக்கடுக்காக வைப்பார்கள். ஒன்று போனால் ஒன்று நிற்கும். சீமைப்பலா அதிகம் காய்த்தால் குழி தோண்டி, இலை பரப்பி, உள்ளே போட்டு மூடிப் புளிக்க வைப்பார்கள். அது வருசக் கணக்கில் கெடாமல் இருக்கும். புயல் காலத்துக்கு அதுதான் களஞ்சியம். பல பேர் சேர்ந்து தூக்கும் பெரிய வள்ளிக்கிழங்கை விருந்துக்குக் கொண்டு வருகிறவனுக்கு ஊரில் தனி மரியாதை. விளைவித்தவனுக்கு மரியாதை இருந்ததால்தான் நூற்றுக்கணக்கான ரகங்கள் தங்கின.

நமக்கு என்ன?

ரேசன் அரிசி வந்த பிறகு சாமையும் தினையும் ஒதுங்கிப்போன மலையூர்களை நாமும் பார்த்திருக்கிறோம். போன்பெய்க்காரர்கள் செய்ததில் நாம் உடனே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஊரில் வயதான பெண்களிடம், குழந்தைக்கு முதலில் எதை ஊட்டினீர்கள் என்று கேளுங்கள். அந்த ரகம் யார் கொல்லையில் மிச்சம் இருக்கிறது என்று தேடுங்கள். கன்றோ விதையோ வாங்கி நாலு வீட்டில் பிரித்து வையுங்கள், ஒரே இடத்தில் வேண்டாம். பக்கத்தில் கல்லூரியோ ஆய்வுக்கூடமோ இருந்தால் சத்தை அளந்து வாங்குங்கள். 'எங்க பாட்டி தின்னாங்க' என்று சொன்னால் பேரன் சிரிப்பான். எண்ணையும் சேர்த்துச் சொன்னால் கேட்பான்.

பிறகு சந்தைக்குக் கொண்டு போகும்போது பழத்தோடு அதன் பெயரையும் கதையையும் சேர்த்து விற்பனைக்கு வையுங்கள். கராட்டைத் திரும்பச் சந்தையில் ஏற்றியது அதுதான்.