நூல் நம்பரும் எதிர் விகிதமும்

பி.எட். பயில்வோர் 20 வாரங்கள் பள்ளிகளில் இருந்து கற்பித்துப் பழகுதல் வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ஆம் ஆண்டு விதி வகுத்தது. படிப்பும் ஈராண்டாயிற்று. இத்தனை வாரங்கள் எதற்கு என்று வினவுவோர் உண்டு. திருப்பூரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கப் பழகிவரும் நம் பங்கின் இளம்பெண் ஒருவரோடு உரையாடியபோது, இவையும் போதுமோ என்னும் ஐயமே நமக்கு எழுந்தது.

முதல் வாரத்தில் அவர் சூத்திரங்களைக் கரும்பலகையில் எழுதினார், பிள்ளைகள் படியெடுத்தனர். வகுப்பு அமைதியாயிருந்ததால் புரிந்துவிட்டது என்றே எண்ணினாராம். ஏடுகளைத் திருத்தியபோது, (அ+ஆ)வின் வர்க்கம் அ வர்க்கமும் ஆ வர்க்கமும் மட்டுமே எனப் பாதிப்பேர் எழுதியிருந்தனர். சிவப்பு மையால் அடித்துவிடாமல், "எப்படி வந்தது?" என்று கேட்கும்படி வழிகாட்டி ஆசிரியர் பணித்தார். "அடைப்புக்கு முன்னால் 2 இருந்தால் இரண்டையும் பெருக்குகிறோமே டீச்சர், மேலே இருந்தாலும் அப்படித்தானே?" என்றான் ஒருவன். தவறுக்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது! 3, 4 என்னும் எண்களை இட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு வழியில் 49, மறு வழியில் 25. அவனே அடித்துத் திருத்தினான்.

எதிர் விகிதம் இன்னும் கடினமாயிற்று. ஆட்கள், நாட்கள் என்று புத்தகம் கூறும் கணக்கில் எவருக்கும் மனம் பதியவில்லை. மறுநாள் அவர், "20-ஆம் நம்பர் நூல் மெல்லியதா, 30-ஆம் நம்பரா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. பனியன் கம்பெனிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு கேள்வியா! ஆனால் எண் கூடும்போது நூல் ஏன் மெலிகிறது என்பதற்கு விடை வரவில்லை. பஞ்சாலையில் பணிபுரியும் சித்தப்பாவிடம் முந்தின இரவு கேட்டறிந்ததை அவர் விளக்கினார். 840 கெஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் என்பதே நூலின் நம்பர். 20-ஆம் நம்பரில் ஒரு பவுண்டுக்கு 16,800 கெஜம். 30-இல் 25,200 கெஜம். ஆகவே ஒரே நீளத்திற்கு 30-ஆம் நம்பரின் எடை மற்றதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

துணியின் ஜி.எஸ்.எம். பார்க்கும் வட்ட வெட்டியும் அவ்வாறே வகுப்பறைக்கு வந்தது. வெட்டிய வட்டத்தின் எடை 1.6 கிராம் எனில் துணி 160 ஜி.எஸ்.எம்.; நூறால் பெருக்குவது எல்லாருக்கும் தெரியும். ஏன் நூறு? வட்டத்தின் விட்டத்தை அளந்தால் ஏறத்தாழ 11.28 செண்டிமீட்டர். இதென்ன விந்தையான அளவு என்று வியந்தவர்கள் பரப்பைக் கணக்கிட்டபோது 100 சதுர செண்டிமீட்டர் கிடைத்தது. ஒரு சதுர மீட்டரில் அத்தகைய நூறு!

இவ்வளவும் நன்றே. எனினும் அடுத்த வாரத் தேர்வில் குழாய்களும் தொட்டியும் வந்தபோது பலர் மீண்டும் தடுமாறினர். நூலில் கண்டது தொட்டியில் தெரியவில்லை. நம் கருத்தில், எடுத்துக்காட்டைத் தேடிப் பிடிப்பது எளிய பாதி. அதிலிருந்து பிள்ளையை எக்ஸ், ஒய் வரை கைப்பிடித்து நடத்திச் செல்வதே அரிய பாதி. அண்டை ஈரோட்டில் 1887-இல் பிறந்த இராமானுசனின் படத்தை வகுப்பில் மாட்டிவிட்டால் அது நடந்துவிடாது.

பெற்றோரே, இது வெறும் மதிப்பெண் செய்தி அன்று. அக்காள் தைத்த டஜன்களுக்குப் பீஸ் ரேட் கூலியை நொடியில் சொல்லும் பையன், "எனக்குக் கணக்கு வராது" என்று நம்பிவிடுகிறான். பத்தாம் வகுப்பில் தவறியவனுக்கு மறுதேர்வைவிடக் கம்பெனி வாயில் அருகில் இருக்கிறது. சனிக்கிழமைச் சம்பளம் வீட்டுக்கு வரத் தொடங்கியபின் புத்தகத்தைத் திறப்போர் சிலரே. மாலையில் அவன் சொல்லும் விடை தவறாயிருந்தால் வையாமல், எப்படி வந்தது என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஒன்பதாம் வகுப்பிலும் கழித்தல் எண்கள் தடுமாற்றமாகவே இருக்கின்றன என்று கூறிய அப்பெண், அதற்கும் பனியன் தொழிலில் எடுத்துக்காட்டு உண்டா என்று வினவினார். கம்பெனியில் வாங்கும் முன்பணத்தைச் சொன்னோம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு புறப்பட்டார்.