இரண்டாம் இடம் யாருக்கு?

சங்கத்தின் பொங்கல் விழாவிலும் நவராத்திரி நிகழ்ச்சியிலும் என்னைச் சந்திக்கும் அன்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என்ன சார், பெண் குழந்தையைக் குஸ்திக்கா அனுப்புகிறீர்கள்? பாட்டு, பரதநாட்டியம் ஒன்றும் கிடைக்கவில்லையா?" நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். தில்லியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஹரியானாவைச் சேர்ந்தவர். அவர் தம் மகளை விடியற்காலை ஐந்து மணிக்கு அகாடாவுக்கு அழைத்துப் போவார். விளையாட்டாக அவளோடு ஒட்டிக்கொண்டு போன என் மகள், நான்கு வருஷங்களாக ஒரு நாள்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறாள். டிசம்பர் குளிரில் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுபோய் விடுவதுதான் இந்த விளையாட்டில் என் பங்கு.

சென்ற வருஷம் பள்ளிகளுக்கு இடையிலான மண்டலப் போட்டியில் அவள் கலந்துகொண்டாள். பதினேழு வயதுக்கு உட்பட்டோர், 46 கிலோ எடைப் பிரிவு. மொத்தம் எட்டுப் பெண்கள். முதல் இரண்டு இடங்களைப் பெறுபவர்கள் அடுத்த கட்டத் தேர்வுக்குப் போகலாம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில், முதல் சுற்றிலேயே என் மகளுக்கு எதிராக வந்தவள் முந்தைய வருஷத்துச் சாம்பியன். என் மகள் 5-6 என்று ஒரே புள்ளியில் தோற்றாள். தோற்றால் வெளியே என்பது விதி. அந்தச் சாம்பியன் பெண் இறுதிச் சுற்றில் தன் எதிராளியை ஒரு நிமிஷத்துக்குள் 10-0 என்று முடித்துவிட்டாள். மல்யுத்தத்தில் பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அப்படித் தோற்ற பெண் இரண்டாம் இடம் பெற்று அடுத்த கட்டத்துக்குப் போனாள். என் மகள் வீட்டுக்கு வந்தாள்.

வழியில் அவள் அழவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒன்று கேட்டாள்: "அப்பா, ரெண்டாவது வந்தவளோட நான் மோதவே இல்லையே. அவ என்னைவிட ஒசத்தின்னு யாரு முடிவு பண்ணினா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கணக்குத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால், காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து நான் புரிந்துகொண்டவற்றை, பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பும் மற்றப் பெற்றோருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சீட்டு தரும் தீர்ப்பு

'நாக் அவுட்' முறை ஒரே ஒரு கேள்விக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும்: முதல்வர் யார்? உண்மையிலேயே சிறந்தவள் யாரோடு மோதினாலும் வெல்வாள் என்று வைத்துக்கொண்டால், சீட்டு எப்படி விழுந்தாலும் அவள்தான் கோப்பையோடு போவாள். இரண்டாவது சிறந்தவள் நிலைமை அப்படியல்ல.

எட்டுப் பேர் உள்ள அட்டவணையை இரண்டு பாதியாகப் பிரித்துப் பாருங்கள். சிறந்தவள் ஒரு பாதியில் இருக்கிறாள். அவளோடு அதே பாதியில் மூன்று இடங்கள் மிச்சம். எதிர்ப் பாதியில் நான்கு இடங்கள். இரண்டாவது சிறந்தவள் எதிர்ப் பாதியில் விழுந்தால் மட்டுமே இறுதிச் சுற்றுக்கு வருவாள். அந்த வாய்ப்பு ஏழில் நான்கு. ஏழில் மூன்று முறை, அவள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், இறுதிச் சுற்றைப் பார்க்கவே முடியாது. கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான்.

இதை முதலில் கண்டுபிடித்தவன் நான் என்று நினைத்து இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, 1883-ஆம் ஆண்டிலேயே ஒருவர் இதைச் சிறு நூலாக எழுதிவிட்டார் என்று. குழந்தைகளுக்கு 'ஆலிஸ்' கதையைத் தந்த லூயி கரோல்தான் அவர். ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியராக இருந்த அவருடைய இயற்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். டென்னிஸ் பந்தயங்களில் 32 பேர் ஆடும்போது, இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கு இரண்டாம் பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31-இல் 16 மட்டுமே என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். நூற்று நாற்பது வருஷங்களுக்குப் பிறகும் நம் பிள்ளைகள் அதே சீட்டில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, அடுத்த கட்டத்துக்குப் போகும் இடம் ஒன்றுதான் என்றால் நாக் அவுட்டைக் குறை சொல்ல அதிகம் இல்லை. இடம் இரண்டு என்று அறிவித்துவிட்டு, வெறும் நாக் அவுட் நடத்தினால் அங்கேதான் அநியாயம் தொடங்குகிறது.

ரெபிசாஜ் என்னும் இரண்டாவது வாசல்

"ஒலிம்பிக்கில் ரெபிசாஜ் இருக்கிறதே?" என்று கேட்கலாம். விழுந்ததை மீட்டெடுப்பது என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல் அது. இறுதிச் சுற்றை எட்டியவர்களிடம் தோற்றவர்களுக்கு மட்டும் மறுபடி ஆட வாய்ப்புத் தந்து, வெண்கலப் பதக்கத்தை முடிவு செய்யும் முறை.

2016-இல் ரியோவில் சாக்ஷி மாலிக் 58 கிலோ பிரிவின் கால் இறுதியில் ரஷ்யாவின் கோப்லோவாவிடம் தோற்றார். கோப்லோவா இறுதிச் சுற்றுக்குப் போனதால்தான் சாக்ஷிக்குக் கதவு திறந்தது. அடுத்து மங்கோலிய வீராங்கனையை வென்றார். பின்னர் கிர்கிஸ்தானின் தினிபெகோவாவிடம் 0-5 என்று பின்தங்கியிருந்து, 8-5 என்று வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்திய மல்யுத்தப் பெண்மணி ஆனார். 2008 பெய்ஜிங்கில் சுஷில் குமார் பெற்ற வெண்கலமும், 2012 லண்டனில் யோகேஷ்வர் தத் பெற்ற வெண்கலமும் இதே வழியில் வந்தவைதாம். தோற்றால் வெளியே என்ற விதி இருந்திருந்தால் இந்த மூன்று பதக்கங்களும் நமக்கு இல்லை.

ஆனால் ரெபிசாஜிலும் ஒரு குறை உண்டு. வெண்கலம் வரைதான் அது வழிவிடும். வெள்ளி, இறுதிச் சுற்றில் தோற்றவருக்கே. பதக்கத்துக்கு அது போதும். முதல் இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தகுதிப் போட்டிக்குப் போதாது.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மல்யுத்தம் பெரிய விஷயம். அங்கே மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மூன்றாம் இடம் பெற்றவரும் இரண்டாம் இடம் பெற்றவரும் அன்றைய போட்டியில் ஏற்கெனவே மோதியிருக்காவிட்டால், இருவருக்கும் இன்னொரு ஆட்டம் வைப்பார்கள். ஜெயித்தவருக்கே மெய்யான இரண்டாம் இடம். என் மகள் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது புதிதல்ல. ஐ.பி.எல். பந்தயத்தில் 2011 முதல், முதல் இரண்டு இடங்களைப் பிடித்த அணிகளுக்கு ஒரு தோல்வி மன்னிக்கப்படுகிறது. 2013-இல் நம் தில்லியில் நடந்த முதல் தகுதி ஆட்டத்தில் சென்னையிடம் தோற்ற மும்பை, அடுத்த வாசல் வழியாக வந்து இறுதி ஆட்டத்தில் அதே சென்னையை வென்றது. சென்னை ரசிகர்களான நமக்கு அது கசந்தாலும், அநியாயம் என்று யாரும் சொல்லவில்லை.

நேரம் எங்கே இருக்கிறது?

போட்டி நடத்துபவர்களின் சிரமத்தையும் பார்க்க வேண்டும். இந்த வயதினருக்கு இரண்டு நிமிஷம் வீதம் இரண்டு பகுதிகள், நடுவே அரை நிமிஷ ஓய்வு. ஆட்களை அழைப்பது, கை குலுக்குவது எல்லாம் சேர்த்து ஆட்டத்துக்கு ஏழு நிமிஷம் என்று வைத்துக்கொண்டேன். பத்து எடைப் பிரிவுகள், பிரிவுக்கு எட்டுப் பேர், இரண்டு மெத்தைகள்.

வெறும் நாக் அவுட் என்றால் பிரிவுக்கு ஏழு ஆட்டங்கள் வீதம் 70. நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லோரும் எல்லோரோடும் மோதும் லீக் முறை என்றால் 280 ஆட்டங்கள். பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு குழந்தை ஒரே நாளில் ஏழு முறை கோதாவில் இறங்குவது உடம்புக்கும் ஆகாது. ஆகவே லீக் வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

மூன்றாவது வழியைப் பாருங்கள். இரண்டாம் இடத்துக்கு உரிமை கோரக்கூடியவர்கள் சாம்பியனிடம் தோற்றவர்கள் மட்டுமே. எட்டுப் பேர் போட்டியில் அவர்கள் மூவர்: முதல் சுற்றில் தோற்றவள், அரை இறுதியில் தோற்றவள், இறுதியில் தோற்றவள். முதல் இருவரும் மோதட்டும். வென்றவள், அரை மணி ஓய்வுக்குப் பிறகு, இறுதியில் தோற்றவளோடு மோதட்டும். பிரிவுக்கு இரண்டே ஆட்டங்கள் கூடுதல். நான்கு மணி நேரப் போட்டி ஐந்தேகால் மணி நேரம் ஆகும். ஒரு குழந்தையின் ஒரு வருஷ உழைப்புக்கு இந்த ஒன்றேகால் மணி அதிகமா?

இறுதிச் சுற்றுவரை வந்தவளை மறுபடி ஆடச் சொல்வது நியாயமா என்ற கேள்வி எழும். நானும் யோசித்தேன். அந்தப் பெண்ணும் யாரோ ஒரு தகப்பனின் மகள்தானே? ஒருவேளை அவள் என் மகளை வென்றும் இருப்பாள். 5-6 என்பதையும் 0-10 என்பதையும் ஒப்பிட்டு என் மகள்தான் உயர்ந்தவள் என்று சொல்லிவிட முடியாது. ஒருவரிடம் எடுபடாத பிடி இன்னொருவரிடம் எடுபடும். நான் கேட்பது இடத்தை அல்ல. மோதிப் பார்க்க ஒரு ஆட்டத்தை.

இன்னும் எளிய சீர்திருத்தமும் உண்டு. முந்தைய வருஷம் முதல் இரண்டு இடம் பெற்றவர்களை எதிரெதிர்ப் பாதியில் வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு மட்டும் சீட்டுக் குலுக்கலாம். செலவே இல்லை.

மேலே போகப் போக

1954-இல் தொடங்கிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகளில், ஒவ்வொரு மாநிலமும் ஓர் அணி. கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சி.பி.எஸ்.இ. போன்றவையும் தனித்தனி அணிகள். ஆகவே ஒரே அகாடாவில் பயிலும் மூன்று பிள்ளைகள், படிக்கும் பள்ளியைப் பொறுத்து மூன்று வெவ்வேறு வாசல்கள் வழியாகத் தேசியப் போட்டிக்குப் போகலாம். அங்கே பெறும் சான்றிதழ் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும், பின்னால் வேலைக்கும் கைகொடுக்கும். ஹரியானாவில் நான்காவதாக வரும் பிள்ளை வேறு பல மாநிலங்களின் முதல்வரை வென்றுவிடக்கூடும். ஆனாலும் வீட்டில்தான் இருக்க வேண்டும். இது அவர்களுக்கு வருத்தமே. ஆனால் மாநில ஒதுக்கீடு இல்லாவிட்டால் தெற்கிலும் கிழக்கிலும் இந்த விளையாட்டு வேர்விடாது. இந்த ஏற்பாட்டில் ஒரு காரணம் தெரிகிறது. சீட்டுக் குலுக்கலில் எந்தக் காரணமும் இல்லை.

பெற்றோர்களுக்கு என் யோசனை இதுதான். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எத்தனை பேர் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள்? அட்டவணை எப்படிப் போடுவார்கள்? தோற்றவருக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டா? எடை பார்ப்பது எத்தனை மணிக்கு? முன்னாலேயே கேட்டால் அது யோசனை. தோற்ற பிறகு கேட்டால் அது புலம்பல்.

நானும் போட்டி அமைப்பாளர்களுக்கு இந்தக் கணக்கையெல்லாம் எழுதி, இரண்டு பக்கக் கடிதம் ஒன்று கொடுத்திருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார்கள். தில்லியில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் இந்த வருஷமும் எழுதுவேன்.

என் மகளிடம் கணக்கைக் காட்டினேன். ஏழில் மூன்று என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ என் மேல தப்பு இல்லையா அப்பா?" என்றாள். "சீட்டு மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு கண்ணு. அந்த ஒரு புள்ளி மட்டும் உன்னோடது" என்றேன். மறுநாள் காலை நாலரைக்கு அவளே என்னை எழுப்பினாள்.