கிரிப்டோ நாணயமும் மறையாத பெயரும்

"பிட்காயின் வாங்கினால் வெளியே தெரியாதல்லவா?" கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் சிலர் குரலைச் சற்றே தாழ்த்தி எங்களிடம் கேட்கும் வினா இது. இவ்வாறு கேட்போர் அனைவரும் எதையோ ஒளிக்க முனைகின்றனர் என்று நாங்கள் எண்ணுவதில்லை. தம் சேமிப்பின் அளவை உறவினரும் அயலாரும் அறிய வேண்டாம் என்று விரும்புவது இயல்பே. கிரிப்டோ நாணயத்தை வாங்குவதா, வேண்டாவா என்பதும் இக்கட்டுரையின் பொருளன்று. அதனை ரூபாய் கொடுத்து வாங்கும்போது வாங்குபவரின் பெயர் எங்கெங்கே பதிவாகிறது என்பதை மட்டும் இங்கு விளக்க விரும்புகிறோம்.

2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயினுக்கு ஒரு பொதுப் பேரேடு உண்டு. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது சென்றது என்பதை அதில் எவரும் பார்க்கலாம். எங்கள் வங்கியின் பேரேட்டை அவ்வாறு எவரும் பார்க்க இயலாது என்பதையும் சொல்லிவைக்கலாம். பிட்காயின் பேரேட்டில் பெயர் மட்டும் இராது. ஆகவே அது பெயரின்மை அன்று, புனைபெயர். ஓர் எழுத்தாளரின் புனைபெயருக்கு உரியவர் யார் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அப்பெயரில் அவர் முன்பு எழுதியவை யாவும் அவருடையவை என்று தெரிந்துவிடும். இங்கும் அப்படியே. 2016 ஆகஸ்டில் பிட்ஃபைனெக்ஸ் என்னும் தளத்திலிருந்து ஏறத்தாழ 1,20,000 பிட்காயின்கள் திருடப்பட்டன. அவை கைமாறிய தடத்தைப் பின்தொடர்ந்த அமெரிக்க அதிகாரிகள், 2022 பிப்ரவரியில் அவற்றுள் சுமார் 94,000 பிட்காயின்களைக் கைப்பற்றினர். ஐந்தாண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தடம் அழியவில்லை.

நம் நாட்டில் இந்தப் புனைபெயர் உண்மைப் பெயரோடு இணையும் இடம், ரூபாய் கணக்கைவிட்டுப் புறப்படும் இடமே. 2023 மார்ச் 7 அன்று வெளியான அறிவிக்கையின்படி, கிரிப்டோ பரிமாற்றத் தளங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. எனவே வங்கிகளைப் போலவே அவையும் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். பதிவேடுகளை ஐந்தாண்டுகள் காக்க வேண்டும். ஐயத்துக்குரிய பரிவர்த்தனைகளை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 ஜூலை 1 முதல், உரிய வரம்பைக் கடந்த விற்பனைத் தொகையில் 1 சதவீதம் விற்பவரின் பான் எண்ணில் டி.டி.எஸ். ஆகப் பிடிக்கப்படுகிறது. ஆதாயத்துக்கு 30 சதவீத வரி உண்டு. நட்டத்தைப் பிற வருமானத்தில் ஈடுகட்ட இயலாது.

இவற்றைத் தவிர்க்க எண்ணுவோர் நாடுவது, பி-டு-பி எனப்படும் நேரடி வணிகம். 2018 ஏப்ரலில் கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிச் சேவை அளிப்பதை ரிசர்வ் வங்கி தடை செய்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் இம்முறை நன்கு பரவியது. இதில் வாங்குபவர், விற்பவரின் கணக்குக்கே யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்புவார். தளத்துக்குத் தம் பெயரைத் தராதவர், முன்பின் அறியாத ஒருவருக்குத் தம் பெயரையும் யு.பி.ஐ. முகவரியையும் தந்துவிடுகிறார். இதனை மறைவு என்று எவ்வாறு சொல்வது?

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஆவணம் எதுவும் கேட்காத ஒரு செயலிக் குழுவில் இவ்வாறு வாங்கியும் விற்றும் வந்தார். ஒருமுறை விற்பனைத் தொகையான 60,000 ரூபாய், வாங்கியவர் பெயரிலன்றி வேறொருவர் பெயரிலிருந்த கணக்கிலிருந்து வந்தது. அவர் அதனைக் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த முயன்றபோதுதான் கணக்கு முடக்கப்பட்டது தெரிந்தது. வேறு மாநிலத்தில் மோசடிக்கு உள்ளான ஒருவர் 1930 என்னும் உதவி எண்ணில் புகார் அளித்திருந்தார். அவர் இழந்த பணமே பல கணக்குகள் கடந்து இவரிடம் வந்திருந்தது. தாம் முறையாக விற்றதைக் காட்ட இவரிடம் ரசீது இல்லை. உரையாடல்களோ தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. முடக்கம் நீங்க நான்கு மாதங்கள் ஆயின. கட்டணத்துக்கு அவர் நகையை அடகு வைத்தார்.

காக்கத்தக்க அந்தரங்கம் வேறு. ஆதார் நகல் தர நேரின், இறுதி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். வாலட் முகவரியைச் சமூக ஊடகத்தில் உங்கள் பெயரோடு வெளியிடாதீர்கள். இருப்பு முழுவதையும் ஊரார் பார்ப்பர். வாலட்டின் மீட்புச் சொற்களை, வங்கி அலுவலர் என்று சொல்லிக்கொண்டு கேட்பவரிடமும் சொல்லாதீர்கள். நாங்கள் அவற்றைக் கேட்பதில்லை.

ஏற்கெனவே கணக்கு முடக்கப்பட்டிருப்பின், புகாரின் ஒப்புகை எண்ணையும் உரிய காவல் நிலையத்தின் விவரத்தையும் கிளையில் கேளுங்கள். வணிகப் பதிவு, பணம் வந்த நாளின் கணக்கு அறிக்கை, உரையாடல் நகல் ஆகியவற்றை இணைத்து அந்நிலையத்துக்கு எழுதுங்கள். ஒரு படியைக் கிளையிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.